தாய்க்கு ஒரு தாய்வீடு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



விழாவில் ஏதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது யாம் முதலில் மறுத்தோம். யாம் புலவரும் அல்லோம், மருத்துவரும் அல்லோம். பத்தாம் வகுப்போடு ஏட்டுப் படிப்பை நிறுத்தி, இருபத்து நான்கு ஆண்டுகளாக இரயில்வே சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதி வருகின்ற எழுத்தராவோம். ஆயினும், நான்கு ஆண்டுகளாக எம் நெஞ்சிலே ஒரு கணக்கு நேராகாமல் கிடக்கின்றது. அதனை உங்கள் முன் வைத்துத் தீர்ப்புக் கேட்கலாம் என்று துணிந்தே இம்மேடைக்கு வந்தோம்.

பொருள், கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தாய். இது பெண்டிருக்குரிய செய்தி என்று எண்ணி முன் வரிசையிலிருக்கும் ஆடவர்கள் எழுந்து தேநீர் அருந்தப் போய்விட வேண்டா. இது பெரும்பாலும் அவர்களுக்குரிய செய்தியே என்பது போகப் போகப் புலப்படும்.

அன்பர்களே, நம் வழக்கத்தில் ஓர் அருமையான சொல் உண்டு. அதுவே தாய்வீடு. தலைப்பிள்ளைக்கு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்கிறோம். நாகபுரியில் குடியிருக்கும் நாமும் கிராண்ட் டிரங்க் வண்டியில் ஏற்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடத்தி, கும்பகோணத்திலோ விருதுநகரிலோ அவளைக் கொண்டு சேர்க்கிறோம். அங்கே அவளுக்குக் கிடைப்பது யாது? பூண்டும் முருங்கைக் கீரையும் கூடிய பத்தியச் சாப்பாடு கிடைக்கின்றது; வெந்நீர் கிடைக்கின்றது; பகலில் கண்ணயர ஒரு பாய் கிடைக்கின்றது. குழந்தை அழுதால் எடுத்துக் கொடுக்க ஒரு பாட்டி இருக்கிறாள். "பால் போதவில்லையே, அம்மா" என்று அவள் கண் கலங்கினால், "எல்லாம் சுரக்கும், மீண்டும் போட்டுப் பார்" என்று சொல்ல ஒருத்தி இருக்கிறாள். இவை யாவும் சேர்ந்ததே தாய்வீடு. தாய்வீடு என்பது வெறும் சுவரும் கூரையும் அன்று.

இத்தாய்வீடு இல்லாத தாய்மார்கள் இவ்வுலகில் கோடிக்கணக்கில் உள்ளனர். அவர்களுள் ஒருத்தியை யாம் அறிவோம். அவள் கதையை முதலில் சொல்லி விடுகிறோம்.

நம் குடியிருப்பில் எங்கள் வரிசையில் நான்கு வீடுகளுக்குப் பாத்திரம் துலக்கும் பெண் ஒருத்தி உண்டு. பெயர் வேண்டா. அவள் கணவன் கட்டட வேலைக்குப் போகிறவன். ஒரு மாதம் இங்கிருந்தால் மறு மாதம் வேறோர் ஊரில் இருப்பான். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு இரண்டாவது பெண் குழந்தை பிறந்தது. இருபத்திரண்டாம் நாள் காலையில் அவள் வழக்கம்போல் வாயிற்படியில் வந்து நின்றாள். "இவ்வளவு சீக்கிரமா?" என்று எம் இல்லாள் வினவினாள். "வேறு ஆளை வைத்துக் கொள்வீர்களோ என்று பயந்தேன், தீதி" என்பதே அவள் மறுமொழி. குழந்தை எங்கே என்றோம். குடிசையில், எட்டு வயது மூத்த பெண்ணின் பொறுப்பில் இருக்கிறது என்றாள். அம்மூத்த பெண் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று விட்டாள்.

எங்களுக்கு இரக்கம் உண்டாயிற்று. அன்று மாலையே கடைத்தெருவுக்குச் சென்று, குழந்தைகளுக்கான பால்மாவு டின் ஒன்றும், நல்ல புட்டி ஒன்றும் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தோம். அவள் கும்பிட்டாள். புண்ணியம் செய்த நிறைவோடு அன்றிரவு உறங்கினோம்.

ஒரு மாதம் சென்றது. ஒரு நாள் அவள் வரவில்லை. மறு நாளும் வரவில்லை. விசாரித்ததில், குழந்தைக்கு வயிற்றுப் போக்கு கண்டு மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகத் தெரிந்தது. இருவரும் சென்றோம். கண்கள் குழி விழுந்து, தோல் சுருங்கி, அழவும் வலிமையின்றி அச்சிறு உயிர் கிடந்த கோலம் இன்றும் எங்கள் கண்ணை விட்டு அகலவில்லை. அங்கிருந்த செவிலியர் கட்டிலருகே இருந்த புட்டியைக் கையிலெடுத்து, "இதை யார் கொடுத்தது?" என்று கேட்டார். தாய் எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. தலையைக் குனிந்து கொண்டாள். நாங்களும் வாய் திறக்கவில்லை. அவ்வொரு நிமிட மௌனமே எம் கணக்கில் இன்னும் நேராகாமல் நிற்கும் பற்று.

பின்னர் அவள் மெல்லச் சொன்னாள்: "பாபுஜி, டின்னில் எழுதியபடி மாவு போட்டால் சில நாளில் தீர்ந்து விடும். அதனால் பாதிதான் போட்டேன்." தண்ணீர் வண்டி இரண்டு நாளைக்கு ஒரு முறை வரும் இடம் அது. புட்டியைக் கொதிக்க வைக்க எரிபொருள் ஏது? காலையில் கரைத்த பாலை மாலை வரை வைத்திருந்து கொடுத்தவள் எட்டு வயதுச் சிறுமி. அவள்மேல் குற்றம் சொல்லுதல் தகுமோ?

எங்கள் வீட்டிற்கு வந்து அதே வகை டின் ஒன்றைக் கடையில் எடுத்துப் பார்த்தோம். தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்ற அறிவிப்பு அதன்மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. வாங்கும்போதும் அஃது அங்கேதான் இருந்தது, யாம்தான் படிக்கவில்லை.

அன்பர்களே, அதன் பின்னரே இப்பொருள்பற்றி நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படித்தவற்றுள் உறுதியானவற்றை மட்டும் சொல்லுகிறோம்.

முதலாவது, பால் எவ்வாறு சுரக்கின்றது என்பது. கிணற்றில் இறைக்க இறைக்க நீர் ஊறுவதுபோலவே தாய்ப்பாலும். குழந்தை சப்பும்போது மூளையிலிருந்து இரண்டு சுரப்பு நீர்கள் இரத்தத்தில் கலக்கின்றன. புரோலாக்டின் என்பது பாலை உண்டாக்குகின்றது. ஆக்சிடோசின் என்பது உண்டான பாலை இறங்கச் செய்கின்றது. தாய்க்கு அச்சமும் கவலையும் வலியும் மிகுந்தால் இரண்டாவது தடைப்படும். குழந்தை சப்பாது நாள்தோறும் எட்டு மணி நேரம் பிரிந்திருந்தால் முதலாவது குறையும். புட்டிப்பால் கொடுக்கக் கொடுக்கக் குழந்தை தாயிடம் சப்புவது குறையும். சப்புவது குறையக் குறையச் சுரப்பது குறையும். எங்கள் டின் அப்பெண்ணுக்குச் செய்தது இதுதான். அவள் பாலுக்குத் துணையாக அது போகவில்லை; அவள் பாலைத் துரத்திவிட்டு அதனிடத்தில் அமர்ந்துகொண்டது.

இரண்டாவது, காலம்பற்றியது. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறொன்றும், தண்ணீரும்கூட, தர வேண்டுவதில்லை. அதன்பின் மற்ற உணவோடு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தாய்ப்பாலும் தொடரலாம். இதுவே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாகபுரியின் மே மாத வெயிலைக் கண்ட நாம், "பச்சைக் குழந்தைக்கு நாக்கு வறளுமே, ஒரு சங்கு தண்ணீர் புகட்டலாகாதா?" என்று கேட்கிறோம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீரே. அதுவும் கொதிக்க வைக்க வேண்டாத தூய தண்ணீர். அடிக்கடி ஊட்டினால் போதும். தாய்தான் நிறையத் தண்ணீர் பருக வேண்டும்.

நம் முன்னோர் வழக்கிலும் திருத்திக் கொள்ள வேண்டியவை உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் நாவில் சேனை வைத்தலும், மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி எறிதலும் பல குடும்பங்களில் இருந்தன. சீம்பால் அளவில் சிறிது. ஆனால், நோயெதிர்ப்புப் பொருள்கள் அதில் மிகுதி. அதனைக் குழந்தைக்கு இடும் முதல் தடுப்பூசி என்று மருத்துவர்கள் கூறுகின்றனர்.

2019–21 ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 88.6 விழுக்காடு பிள்ளைப்பேறுகள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. ஆயினும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 விழுக்காடே. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பருகியவை 63.7 விழுக்காடு. மருத்துவமனைக் கட்டடம் வந்துவிட்டது. அருகில் அமர்ந்து சொல்லித்தரும் ஆள் போதிய அளவு வரவில்லை என்றே இக்கணக்கை யாம் படிக்கிறோம். உலகம் முழுவதும் தாய்ப்பால் தக்கவாறு கிடைக்குமாயின், ஆண்டுதோறும் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் இறப்பைத் தவிர்க்கலாம் என்று லான்செட் மருத்துவ இதழ் 2016-இல் கணக்கிட்டது. அவ்விறப்புகளில் பெரும்பகுதி ஏழை நாடுகளுக்கே உரியது. அதே டின் குளிர்ந்த செல்வநாட்டில் ஓரளவு தீங்கின்றிப் போகலாம். நல்ல நீரும், எரிபொருளும், எழுத்தறிவும், கையில் காசும் இல்லாத இடத்தில் அதுவே எமனாகி விடுகிறது.

இவ்வுண்மையை முன்னரே உரக்கச் சொன்ன ஒரு பெண்மணியை இங்கு நினைவுகூர வேண்டும். சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவர் 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அதற்கு அவர் இட்ட தலைப்பு, 'பாலும் கொலையும்'. ஏழைத் தாய்மார்களிடம் டின் பாலைப் பரப்பிக் குழந்தைகளைச் சாகவிடுதல் கொலையே என்று வணிகப் பெருமக்கள் அமர்ந்திருந்த அவையிலே அவர் கூறினார். அதன்பின் நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1981 மே மாதத்தில், உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்களின் விற்பனைக்கு ஒரு நெறிமுறையை ஏற்றது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த நாடு அமெரிக்கா ஒன்றே. நம் நாட்டில் 1992-இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றி, 2003-இல் அதனை மேலும் இறுக்கினார்கள். குழந்தைப் பால்மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் கூடாது. தாய்மார்களுக்கு இலவச மாதிரி கூடாது. டின்னின்மேல் குழந்தைப் படம் கூடாது. மருத்துவப் பணியாளர்களுக்குப் பரிசு கூடாது. நல்ல சட்டம். ஆனால், எங்களைப்போல் இரக்கத்தின் பெயரால் இலவசமாகக் கொடுப்பவரை எந்தச் சட்டம் தடுக்கும்?

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். சில தாய்மார்களுக்கு நோயாலோ வேறு காரணத்தாலோ பாலூட்ட இயலாமற் போகும். அங்கே மருத்துவர் சொற்படி பால்மாவு உயிர் காக்கும் மருந்தே. அத்தாயை ஒருவரும் பழித்தலாகாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கெனத் தாய்ப்பால் வங்கிகளும் உள்ளன. ஆசியாவிலேயே முதலாவதான தாய்ப்பால் வங்கியை 1989-இல் பம்பாய் சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் அவர்கள் தொடங்கினார்கள்.

இனி, எம் தொழிலாகிய கணக்குக்கு வருகிறோம். "தாய்ப்பால் இலவசம், ஒரு காசும் செலவில்லை" என்று மேடைதோறும் பேசுகிறார்கள். கணக்கெழுதும் எமக்கு இது பொய்க் கணக்காகத் தோன்றுகிறது. ஒரு தாய் நாள்தோறும் ஏறக்குறைய முக்கால் லிட்டர் பால் தருகிறாள். அதற்காக முதல் ஆறு மாதம் அவளுக்கு நாளொன்றுக்கு 600 கலோரி அதிகமாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கூறுகிறது. இரவும் பகலும் சேர்த்து எட்டு முதல் பன்னிரண்டு முறை ஊட்ட வேண்டும். உணவு ஒரு செலவு. நேரம் ஒரு செலவு. இழந்த கூலி ஒரு செலவு. கெட்ட உறக்கம் ஒரு செலவு. இவ்வளவையும் ஒருத்தியின் பற்றில் எழுதிவிட்டு, வரவை மட்டும் வீடும் நாடும் எடுத்துக்கொண்டு, 'இலவசம்' என்று கையெழுத்திடுவது எந்த வகைக் கணக்கு?

கூலி வேலை செய்யும் தாயின் துயர் நேற்று இன்று தோன்றியதன்று. பஞ்சாலைக்குப் போகும் பெண்கள் குழந்தை அழாமல் உறங்கும் பொருட்டு அபினி புகட்டிவிட்டுச் சென்ற கொடுமையை 1931-இல் வெளியான தொழிலாளர் நிலைபற்றிய ராயல் கமிஷன் அறிக்கை குறித்துள்ளது. அபினி கொடுத்தவள் அன்பில்லாதவளோ? அல்லள். வேறு வழியில்லாதவள். பம்பாயில் 1929-இலும், நம் நாகபுரி தலைநகராயிருந்த மத்திய மாகாணத்தில் 1930-இலும், சென்னை மாகாணத்தில் 1934-இலும் பிள்ளைப்பேற்று உதவிச் சட்டங்கள் வந்தன. 1961-இல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. 2017-இல் விடுமுறையை முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்த்தி, 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் விதித்தார்கள். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இடம்பெற்றன.

ஆனால், பாத்திரம் துலக்குகிறவளுக்கும், செங்கல் சுமக்கிறவளுக்கும், வயலில் களையெடுக்கிறவளுக்கும் 26 வாரச் சம்பளம் யார் கொடுப்பார்? நம் நாட்டில் உழைக்கும் பெண்களுள் மிகப் பெரும்பாலோர் இத்தகையோரே. 2017 முதல் மத்திய அரசு முதற் குழந்தைக்கு 5,000 ரூபாய் வழங்குகின்றது. பின்னர், இரண்டாவது பெண் குழந்தையாயின் 6,000 என்றும் விதித்தார்கள். இதனை இழந்த கூலிக்கு ஒரு பகுதி ஈடு என்றே அரசும் சொல்லுகிறது. 5,000 ரூபாயை 26 வாரத்துக்கு, அதாவது 182 நாட்களுக்குப் பங்கிட்டுப் பார்த்தோம். நாளொன்றுக்கு 27 ரூபாய் 47 காசு வருகிறது. கொடுப்பதைக் குறை கூறவில்லை. ஆயினும், இத்தொகையை நம்பி எந்தக் கூலிக்காரத் தாயும் ஆறு மாதம் குழந்தையோடு இருக்க இயலாது என்பதற்கு மெட்ரிகுலேஷன் கணக்கே போதும்.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? அறிவுரை அன்று, தாய்வீடு. அதனைப் பிறர் எவ்வாறு கட்டித் தந்தார்கள் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் சொல்லுவோம்.

நமக்குத் தென்கிழக்கே உள்ள கட்சிரோலி மாவட்டத்தை அறிவீர்கள். காடு சூழ்ந்த ஏழை மாவட்டம். அங்கே டாக்டர் அபய் பங்க், டாக்டர் ராணி பங்க் என்னும் தம்பதியர் 39 சிற்றூர்களில் ஒரு முயற்சி செய்தனர். ஊர்ப் பெண்களையே பயிற்றி, 'ஆரோக்கிய தூத்' என்று பெயரிட்டு, பச்சைக் குழந்தை உள்ள வீடுதோறும் அனுப்பினர். அவர்கள் தாய்க்குப் பாலூட்டத் துணை செய்தனர்; குழந்தையை வெதுவெதுப்பாக வைக்கக் கற்பித்தனர்; தொற்று நோய் கண்டால் அங்கேயே மருந்து கொடுத்தனர். மூன்றாம் ஆண்டில், இம்முயற்சி நடைபெறாத ஊர்களோடு ஒப்பிட, பச்சிளங் குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்தது. 1999-இல் லான்செட் இதழில் இது வெளிவந்தது. இம்முறையை 2011-இல் நாடு முழுவதும் ஆஷா பணியாளர்கள் மேற்கொண்டனர். மருத்துவமனையில் பெற்ற தாயாயினும், 42 நாட்களுக்குள் ஆறு முறை ஆஷா அவள் வீட்டுக்கு வர வேண்டும் என்பது இன்றைய ஏற்பாடு.

வங்காள தேசத்தின் டாக்கா நகரில், அக்கம்பக்கத்துத் தாய்மார்களுக்கே பத்து நாள் பயிற்சி தந்து, கருவுற்ற காலத்திலிருந்து குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும் வரை பதினைந்து முறை வீடு தேடிச் செல்லச் செய்தனர். ஐந்தாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் பருகிய குழந்தைகள், இத்துணை கிடைத்த பகுதியில் நூற்றுக்கு 70. கிடைக்காத பகுதியில் நூற்றுக்கு 6. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு இது. இரு பகுதித் தாய்மார்களும் ஒரே நகரத்தவர். வேறுபாடு, வாயிற்படியில் வந்து அமர்ந்த ஒரு பெண்தான்.

தில்லியில் 1969-இல் காந்தியடிகள் நூற்றாண்டுக்காக ராஜகாட்டில் கட்டட வேலை நடந்தபோது, கல் சுமக்கும் பெண்களின் குழந்தைகள் வெயிலில் கிடந்தது கண்டு மனம் பொறாத மீரா மகாதேவன் அம்மையார் அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். வேலை இடம் மாறினால் காப்பகமும் உடன் மாறும். 'மொபைல் கிரெஷ்' என்று பெயர் பெற்ற அவ்வமைப்பு பின்னர் வேறு நகரங்களிலும் பரவியது. தாய் வேலைக்கிடையே வந்து பாலூட்டிச் செல்லலாம்.

பிரேசில் நாட்டில் 1990-களில் சியாரா மாநிலத்தில் தபால்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடிதம் கொடுக்கப் போகும் வீடுகளில் பாலூட்டும் தாய்மார்களுக்கு நல்ல செய்தியும் சொல்ல வைத்தார்கள். தபால்காரருக்கு முடிந்தது இரயில்வே எழுத்தருக்கு முடியாதோ என்று எண்ணியே யாமும் இம்மேடை ஏறினோம்.

இனி, எங்கள் கதையின் எஞ்சிய பகுதி. அச்செவிலியர் கடிந்ததோடு நில்லாமல் வழியும் சொன்னார். தாய் இரவில் ஊட்டி வந்தமையால் பால் அடியோடு வற்றவில்லை. குழந்தையைப் பகலிரவு தாயின் உடலோடு ஒட்டி வைத்து, அடிக்கடி சப்பச் செய்து, இடையில் வேண்டியதைப் புட்டியிலன்றிப் பாலாடையில் புகட்டினர். இரண்டு வாரத்தில் பால் மீண்டது. ஆனால், வீடு திரும்பிய மறு நாளே அவள் வேலைக்கு வந்தால் பழைய கதைதானே?

எம் இல்லாள் மற்ற மூன்று வீட்டாரையும் கண்டு, நான்கு மாதத்துக்கு அவளுக்கு வேலையின்றி முழுக் கூலி கொடுக்கலாமா என்று கேட்டாள். இரு வீட்டார் உடனே இசைந்தனர். ஆசிரியை ஒருவர் தயங்கினார், "வேலை செய்யாமல் கூலியா?" என்றார். "அக்கா, உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆறு மாதம் சம்பளத்தோடு விடுமுறை தந்தார்களே. அதைத்தான் இவளுக்கும் கேட்கிறேன்" என்றாள் இல்லாள். அவ்வம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே சென்று முதல் மாதப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவரே.

அந்நான்கு மாதமும் பாத்திரத்தை யார் துலக்கினார் என்று கேட்பீர்கள். எம் வீட்டில் இரவுப் பாத்திரம் எம் பங்கு. கை சிறிது சொரசொரப்பாயிற்று. வேறு கேடு விளையவில்லை. அதன்பின் அவள் குழந்தையோடு வந்தாள். எங்கள் பின்கட்டுத் தாழ்வாரத்தில் பழைய சேலையால் ஒரு தூளி கட்டினோம். மூத்த பெண் மீண்டும் பள்ளிக்குச் சென்றாள். சிறியவள் இப்பொழுது அங்கன்வாடிக்குப் போகிறாள். வயதுக்கு இன்னும் சற்றே மெலிவுதான். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்தப் புட்டி நினைவுக்கு வரும்.

அன்பர்களே, பேச்சு முடியும் தறுவாயில் சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று, நம் வீடுகளில் வேலை செய்யும் பெண் கருவுற்றால், அவளை அமர்த்தியுள்ள வீட்டார் கூடி, ஆறு மாதக் கூலியோடு விடுமுறை தர முன்கூட்டியே வாக்களிக்க வேண்டும். இடம் போகாது என்ற உறுதியே அவளுக்குப் பாதிப் பத்தியம்.

இரண்டு, அவள் திரும்பி வரும்போது குழந்தையோடு வரலாம் என்று சொல்ல வேண்டும். தூளி கட்ட ஒரு கொக்கியும், ஊட்டுவதற்குக் கால் மணி நேரமும் எந்த வீட்டிலும் கிடைக்கும்.

மூன்று, பச்சைக் குழந்தைக்குப் பால்மாவும் புட்டியும் பரிசளிப்பதை விட்டு, தாய்க்கு உணவு கொடுப்போம். வேர்க்கடலை, வெல்லம், கேழ்வரகு, பருப்பு, கீரை ஆகியவை போதும். நம் சங்கக் கட்டடத்தில் நூலகத்தை அடுத்துள்ள சிறு அறையில் ஒரு நாற்காலியும், ஒரு விசிறியும், ஒரு குடம் நீரும் வைத்துப் பாலூட்டும் தாய்மார்க்கு ஒதுக்குவோம். இன்று இவ்விழாவுக்கு வந்த நம் மகளிருள் இருவர் குழந்தை அழுததும் பாதி நிகழ்ச்சியில் எழுந்து வீட்டுக்குப் போனதைக் கண்டோம். அவர்களுக்கும் அவ்வறை வேண்டும்.

நான்கு, ஆடவர்களுக்கு. தாய்வீட்டுக்கு அனுப்ப இயலாத இவ்வூரில், அவள் தாய்வீடு நீங்களே. தண்ணீர் பிடிப்பதும், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு விடுவதும், இரவில் அழும் குழந்தையை எடுத்துத் தாயிடம் கொடுப்பதும் ஆண்மைக்கு இழுக்கல்ல. "பால் போதவில்லையோ" என்று ஐயுற்றுக் கேட்பதைவிட, "நீ படுத்துக்கொள், சமையலை யான் பார்க்கிறேன்" என்று சொல்லுவது சிறந்த மருந்து.

இவற்றுக்கு இசைவோர் பெயரெழுத நூலக மேசைமேல் ஒரு குறிப்பேடு வைத்துள்ளோம். முதற் பக்கத்தில் எங்கள் வரிசையின் நான்கு வீட்டார் கையெழுத்திட்டிருக்கிறோம். மற்ற வரிசையாரும் இன்று உணவுக்குச் செல்லுமுன் அம்மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம்.